கைக்கு லேசான பேட்

எங்கள் ஊரில் டென்னிஸ் மட்டையை யாரும் ராக்கெட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கிரிக்கெட்டுக்கும் பேட், ஷட்டிலுக்கும் பேட், டென்னிஸுக்கும் பேட்தான். அதில் நரம்பு பின்னுவதற்குக் ‘கட் போடுவது’ என்று பெயர். இந்த இரண்டு வார்த்தையும் தெரிந்தால் போதும், நான் சொல்லப் போவது விளங்கிவிடும். அதற்கு மேலும் விளங்காதவை எனக்கே இன்னும் விளங்காதவை, அதற்கு நான் பொறுப்பல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இருந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாமே தவிர, அரசாங்கப் பதிவேட்டில் நான் கிடையாது. அரசாங்கம் சம்பளம் தரும் நிரந்தர வாத்தியார்கள் ஒரு ரகம். நிர்வாகமே ஏதோ பார்த்துக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் இன்னொரு ரகம். எங்களுக்கு ‘மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்’ என்று பெயர். கேட்பதற்கு என்னமோ முதலாளிக்கு அடுத்த ஆள் மாதிரி இருக்கும். ஸ்டாஃப் ரூமில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்காரக்கூட எங்களுக்குத் தைரியம் வந்ததில்லை.

கணக்குக்கு நிரந்தர வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருஷம். அவர் போனால் அந்த ஓர் இடம் காலியாகும். அதற்கு நாங்கள் இரண்டு பேர். நான் மேட்டுப்பட்டிக்காரன், கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறவன். இன்னொருவர் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம், என்னைவிட நாலு வயசு சின்னவர், எதற்கெடுத்தாலும் ‘ஏனுங்க சார்’ என்று ஆரம்பிப்பவர். நல்ல மனுஷன். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது பள்ளித் தாளாளர் கையில் இருந்தது. அவர் அகரம் போகிற ரோட்டில் நூல் மில் வைத்திருந்தவர். ஐம்பது வயசு தாண்டியதும் வேர்க்க வேர்க்க ஏதாவது விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடனே மில்லுக்குப் பின்னால் செம்மண் கொட்டி, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு டென்னிஸ் கோர்ட் தயாராகிவிட்டது. கோர்ட் சரி, எதிர்ப்பக்கம் நிற்க ஆள் வேண்டுமே. நான் திருச்சியில் படித்தபோது கல்லூரி டீமில் ஆடியவன். வேலைக்கு விண்ணப்பித்தபோது அதைக் கடைசி வரியில் பெருமையாக எழுதியிருந்தேன். ஹெட்மாஸ்டர் அதைத் தோண்டி எடுத்துவிட்டார்.

“சாருக்குக் காலையில செத்த நேரம் கம்பெனி குடுங்க. அம்புட்டுத்தான்,” என்றார். குரலைத் தணித்து, “உங்களுக்கும் நல்லது,” என்றார்.

கம்பெனி கொடுப்பது! அடடா, என்ன ஒரு வார்த்தை. சாப்பிடுகிறவருக்குக் கம்பெனி கொடுப்பது என்றால் பசிக்காவிட்டாலும் சாப்பிடுவது. டென்னிஸில் கம்பெனி கொடுப்பது என்றால் தோற்பது. சும்மா தோற்றால் போதாது. ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றால் முதலாளிக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆறுக்கு நாலு என்று தோற்க வேண்டும். ஓடி, மூச்சு வாங்கி, கடைசிப் பந்தை நெட்டில் அடித்துத் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் தோளில் தட்டி, “இன்னைக்கு என்னைய விரட்டிட்டீங்க சார்,” என்று சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் ஆக இருந்தால் தானாக வந்துவிடும்.

முதலில் என் கல்லூரிக் காலத்து மரப் பேட்டைத்தான் கொண்டுபோனேன். நல்ல கனம். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாளாளர், “என்ன சார், அடுப்புக்கு வச்சிருந்ததத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்பார். ஆயுத பூஜை அன்று மில்லில் எல்லோரும் கூடியிருக்க, சந்தனமும் குங்குமமும் வைத்த தன் பேட்டுகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பளபளவென்று கறுப்பு. இட்லித் தட்டு கனம்கூட இல்லை.

“எம்புட்டு லேசா இருக்கு பாருங்க. கையே நோகாது,” என்றார். மில்லே கை தட்டியது. நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். தமிழில் லேசு என்றால் கனமில்லாதது என்றும் அர்த்தம், சுலபமானது என்றும் அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் நாசமாய்ப் போனேன்.

மரப் பேட் பரணில் கிடந்து, அடுத்த மழையில் ஓட்டு ஒழுக்கில் நனைந்து கோணிப்போயிற்று. அத்தோடு அதன் கதை முடிந்தது.

புது பேட் வந்து நாலு மாசம் இருக்கும். ஒரு ஞாயிறு பூசையில் சிலுவை போடக் கையைத் தூக்கினேன். வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுளீர் என்றது. நெற்றிக்குப் போன கை நெஞ்சுக்கு இறங்கவில்லை. பாதிச் சிலுவையோடு அப்படியே நின்றேன். பக்கத்தில் நின்ற மனைவி என்ன என்று கண்ணாலேயே கேட்டாள்.

அதற்குப் பிறகு காப்பி டம்ளரைத் தூக்க முடியாது, துணி பிழிய முடியாது, பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் என் வீட்டுப் பூட்டை என் மகள்தான் திறந்துவிட்டாள். போர்டில் நீளமான கணக்கு எழுதினால் பாதியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “மீதிய நீங்களே போடுங்க,” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். அவர்கள் அதை ஏதோ புது மாதிரியான பாடமுறை என்று நினைத்து மிகவும் மரியாதையாகப் போட்டார்கள்.

மனைவி எருக்கிலையை வதக்கிக் கட்டினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தைலம் தேய்த்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் ஊசி போட்டார். “டென்னிஸா ஆடுறீங்க? விட்டுருங்க,” என்றார். விட்டுருங்களாமே! அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

“சார்கிட்டயே சொல்லிருங்களேன், கை வலிக்குதுன்னு,” என்றாள் மனைவி. அவள் வீட்டில் ரவிக்கை தைப்பவள். கை போனால் பிழைப்பு போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கோர்ட் ஓரத்து பெஞ்சில் இப்போதெல்லாம் ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார். துண்டு எடுத்துக் கொடுப்பார், ஸ்கோர் சொல்லுவார், தாளாளர் அடிக்கிற பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் “உள்ளதானுங்க!” என்பார். நான் ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. காக்காய் பிடிப்பதில் அவர் என்னைவிட மோசம் என்று அப்போது நினைத்தேன். வேறெதில் நான் மேல் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வலியில் ஒரு சௌகரியமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். தோற்பதற்கு இப்போது நடிக்க வேண்டியதில்லை. பேக்ஹேண்ட் பக்கம் பந்து வந்தால் கை தானாகச் சுருங்கிவிடும். நிஜமாகவே தோற்றேன், அருமையாகத் தோற்றேன். தாளாளருக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று மில்லில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு களை. என் முழங்கை வலிக்க வலிக்க அவருக்கு வயசு குறைந்தது.

டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போய், கைக்கு லேசாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் கறுப்பு பேட்டைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “இதவிட லேசு இந்தியாவுலயே இல்ல சார்,” என்றார். “கட்டுதான் லூசாயிருக்கும். லூசா இருந்தா நீங்கதான தள்ளணும்? டைட்டாப் போட்டா லேசாப் போயிரும்.” மறுபடியும் அந்த லேசு! கட்டை இறுக்கிப் போட்டுக் கொடுத்தார். விரலால் சுண்டினால் கோயில் மணி போல டங்கென்றது. எங்கள் ஊரில் கட் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான், சுண்டி, சத்தம் கேட்டு. வலி இரண்டு மடங்கானது. இன்னும் இறுக்கினேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா? கணக்கு வாத்தியார் வேறு.

இப்படியே மூன்று வருஷம். மூத்த கணக்கு வாத்தியார் ரிட்டையர் ஆகும் வருஷத்துச் சித்திரையில், அளவுக்கு மீறி இறுக்கிய கட் படீரென்று அறுந்தது. டவுன் கடைக்காரர் ஏதோ விசேஷத்துக்குப் போய்க் கடையை அடைத்திருந்தார். பேகம்பூரில் ஷட்டில் பேட்டுக்குக் கட் போடும் பாய் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். போனேன்.

என் வயசுதான் இருக்கும் அவருக்கு. ஒரு ஆள் உட்காரும் கடை. கேரம் போர்டு, கிழிந்த கால்பந்து, சுவரில் தொங்கும் பேட்டுகள். நான் கொடுத்ததை வாங்கியவர் கட்டைப் பார்க்கவில்லை. பேட்டின் தலையைத் தரையில் ஊன்றி, கழுத்தை முழங்காலால் மெல்ல அழுத்தினார். அது அசையவில்லை. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கை எப்படி சார் இருக்கு?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

“பேட்டுதான் சொல்லுதே. பந்து வந்து அடிக்குது, அந்த அடிய யாராச்சும் வாங்கணும்ல? ஒண்ணு பேட்டு வாங்கணும், இல்ல நீங்க வாங்கணும். இது வளையவே மாட்டேங்குது. கனமும் இல்ல. கட்டும் பலகை கணக்கா இறுக்கிக் கெடக்கு. அப்ப எல்லா அடியும் எங்க போகும்? நேரா முழங்கைக்குத்தான்.” கைப்பிடியில் என் விரல்களை மடக்கிப் பார்த்தார். “பிடியும் சின்னது. உங்க கை பெருசு. சின்னப் பிடிய நழுவாம இருக்க இறுக்கிக்கிட்டே இருக்கீங்க. எந்த மகராசன் குடுத்தான் சார் இத?”

நான் யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. லேசாக இருந்தால் நல்லது என்று சொன்னார்களே என்றேன்.

“தூக்கறதுக்கு லேசு,” என்றார். “அடிக்கறதுக்கு இல்ல.”

மூன்று வருஷம், டாக்டர் ஊசி, எத்தனை எருக்கிலை! இந்த ஆள் ரெண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அந்தக் கறுப்பு பேட்டை முறித்துப் போட்டிருப்பேன். முறித்தால் வேலை போய்விடும்.

பாய் சுவரிலிருந்து மூன்று பேட்டுகளை இறக்கினார். கடைக்குப் பின்னால் ஒரு பழைய கோடவுன், அதன் வெறும் சுவர். “பத்துப் பத்துப் பந்து அடிங்க. பேட்டப் பாக்காதீங்க. முழங்கைய மட்டும் கேளுங்க,” என்றார். முதலாவது பார்க்க லட்சணமாக இருந்தது, மூன்றாவது பந்திலேயே சுளீர் என்றது. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் ஓரத்தில் பட்டால் பிடி கைக்குள் சுற்றியது. மூன்றாவதைப் பார்க்கவே சகிக்காது. பெயின்ட் உரிந்து, தவிட்டு நிறத்தில், கனமாக. மாற்றலாகிப் போன ஒரு ரயில்வே இன்ஜினியர் விட்டுவிட்டுப் போனதாம். அடித்தேன். பந்து நரம்புக்குள் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்து போனது. வலியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பத்துப் பந்து முடிந்தும் நான் நிறுத்தவில்லை. பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பிடியில் இன்னொரு சுற்று சுற்றித் தடிப்பாக்கினார். குத்தூசியைச் செருகிச் செருகி இழுத்து, புதுக் கட் போட்டார், தளர்வாக. சுண்டினால் பொத்தென்றது. “இந்தச் சத்தம் ஊர்ல ஒருத்தருக்கும் பிடிக்காது. உங்க கைக்குப் பிடிக்கும். ஒரு மாசம் கைய ஆறப்போட்டுட்டு அப்புறம் ஆடுங்க,” என்றார். வீட்டில் மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து, “இதுலயாவது கை சரியாகட்டும்,” என்றாள். அவளிடம் பாய் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

அந்த மே மாசம் தாளாளர் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போயிருந்தார். கை ஆறியது. மூத்த வாத்தியாருக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தோம். பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “பேப்பரெல்லாம் ரெடி பண்ணி வைங்க. சார் வாயால சொல்லட்டும்,” என்றார். மனைவி அன்று கேசரி கிண்டினாள். நான் கூடத் திட்டவில்லை, அவசரப்படாதே என்று.

இரண்டு நாள் கழித்து கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனால், கோர்ட் ஓரத்தில் பத்து நாற்காலி. தாளாளர் மகனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து சம்பந்தி வந்திருந்தார், அவருக்கு ஆட்டத்தைக் காட்ட வேண்டுமாம். ஒட்டன்சத்திரத்துக்காரர் துண்டோடு நின்றிருந்தார். என் கையில் தவிட்டு நிற பேட்டைப் பார்த்துத் தாளாளர் புருவத்தைத் தூக்கினார்.

“நான் குடுத்தது என்னாச்சு?”

“கட் அறுந்துருச்சு சார். பேகம்பூர்ல குடுத்திருக்கேன்.” பாதி உண்மை.

ஆடினோம். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, நாலுக்கு நாலு. எல்லாம் முறைப்படிதான் போய்க்கொண்டிருந்தது. இனி இரண்டு கேம் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தால் முடிந்தது. அப்போது அவர் என் பேக்ஹேண்ட் பக்கம் ஒரு பந்து போட்டார். மூன்று வருஷமாக அங்கேதான் போடுவார், அங்கே எனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். கை சுருங்கும் என்று நானும் காத்திருந்தேன். சுருங்கவில்லை. கை முழுசாக நீண்டது. பந்து கோட்டின் மேல் விழுந்து சுண்ணாம்பு தெறிக்கப் போயிற்று. சம்பந்தி, “ஓ!” என்றார்.

கை தெரியாமல் அடித்துவிட்டது என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பச்சைப் பொய். முதல் பந்து வேண்டுமானால் தெரியாமல் போயிருக்கலாம். அடுத்ததெல்லாம் தெரிந்தே அடித்தேன். எனக்கு முப்பத்தாறு வயசு. கல்லூரியை விட்டுப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, வலிக்காத கையோடு, நான் கற்றுக்கொண்ட ஆட்டத்தை, நான் கற்றுக்கொண்டபடி ஆடினேன். எட்டு நிமிஷம் இருக்கும். நாலுக்கு ஆறு. நான் ஆறு. அந்த எட்டு நிமிஷம் எவ்வளவு இனித்தது என்று சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும்.

கடைசிப் பந்துக்கு யாரும் கை தட்டவில்லை. தாளாளர் நெட்டுக்கு வந்து கை கொடுத்தார். சிரித்தார். என் பேட்டை வாங்கி, உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார், விரலால் சுண்டினார். பொத்.

“நல்ல கனமா இருக்கே சார்,” என்றார். “நம்ம பேட்டு உங்களுக்கு ஒத்துக்கலையோ?”

“அப்படியில்ல சார், கை கொஞ்சம்…”

“சொல்லியிருக்கலாம்ல,” என்றார். அவ்வளவுதான். எல்லோருக்கும் இளநீர் வந்தது. எனக்கும் கொடுத்தார்கள்.

மறுநாள் ஹெட்மாஸ்டர், சாருக்கு முழங்கால் வலி, கொஞ்ச நாளைக்கு ஆட்டம் இல்லை என்றார். அதற்கு மறுநாள் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தார். அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ முழுக்க கோர்ட்டின் செம்மண். என்னைப் பார்த்ததும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க சார், நான் கேக்கவே இல்லைங்க. அவங்களேதான் கூப்பிட்டாங்க,” என்றார். கண் கலங்கியிருந்தது. “எனக்கு ஆடவே வராதுங்க.”

வராதுதான். அதுதானே வேண்டும். அவர் நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தோற்கக்கூடியவர். அந்த மாசக் கடைசியில் ஆர்டர் அவர் பேருக்கு வந்தது.

வீட்டில் மனைவி அழவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மூணு வருசம் தோத்தீங்க. இன்னும் ரெண்டு கேம் தோத்தா என்னங்க?” என்றாள். நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உனக்கு என்ன தெரியும் என்றேன், நான் என்ன அவனுக்கு அடிமையா என்றேன். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

கறுப்பு பேட்டுக்கு நல்ல கட் போட்டு மில் வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வருஷக் கடைசியில் பள்ளியை விட்டேன். மேட்டுப்பட்டியில் வீட்டு முன்னறையில் டியூஷன் ஆரம்பித்தேன். அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளையும் வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்றேன். “உங்க ரோசத்துக்குப் பிள்ளை படிப்பக் கெடுக்காதீங்க,” என்று மனைவி ஒரே போடாகப் போட்டாள். மகள் அங்கேயே படித்தாள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒட்டன்சத்திரத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். பை நிறைய முருங்கைக்காய், தோட்டத்துக் காய் என்று மனைவியிடம் கொடுத்தார். வலது முழங்கையில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது. உட்கார்ந்தவர் டம்ளரை இடது கையால் எடுத்தார்.

“ஏனுங்க சார், உங்ககிட்டதான் கேக்கோணும்னு வந்தேன்,” என்றார். “என்ற கை போச்சுங்க. சாக்பீஸே புடிக்க முடியமாட்டீங்குது. சார் ஆடறதுக்கு அவரோட கறுப்பு பேட்டு ஒண்ணு குடுத்தாருங்க. லேசாத்தான் இருக்குது, ஆனா வலி தாங்கலைங்க. உங்களுக்கும் இப்படித்தானே இருந்துச்சு? கைக்குச் சொகமா என்ன பேட்டு வாங்கலாம், சொல்லுங்க. விட முடியாதுங்க. அசிஸ்டன்ட் ஹெச்.எம். போடப் போறாங்கன்னு பேச்சு.”

என் தவிட்டு நிற பேட் உறையோடு அவர் தலைக்குப் பின்னால், கதவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பியிருந்தால் பார்த்திருப்பார். பேகம்பூர் பாய் கடையில்தான் இன்னும் இருந்தார். சைக்கிளில் போனால் பத்து நிமிஷம்.

“லேசான பேட்டாவே வச்சுக்கங்க சார்,” என்றேன். “கட்டுதான் லூசாயிருக்கும். நல்லா இறுக்கிப் போடச் சொல்லுங்க. சுண்டுனா டங்குன்னு கேக்கணும். வலிக்குதுன்னு ஆட்டத்த நிறுத்தாதீங்க, ஆட ஆடத்தான் சரியாகும்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னா சரிங்க சார்,” என்றார். அடுப்படி வாசலில் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, “அவரு என்னங்க பண்ணாரு உங்கள?” என்றாள்.

“நீ உள்ள போ,” என்றேன்.

எத்தனையோ அற்ப விஷயங்களைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்றெல்லாம். இதை மட்டும் சொன்னதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் வரிசையில் நின்று, முறை வரும்போது வேறு எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

மகள் அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு. கணக்குக்கு அவர்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது, சார் இப்போது இடது கையால் போர்டில் எழுதுகிறார் என்று சொன்னாள். ஆறு எது, ஒன்பது எது என்று தெரியவில்லையாம். பையன்கள் பின்னால் உட்கார்ந்து அவரைப் போலவே முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களாம். ஒரு நாள் பாதிக் கணக்கில் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாராம், ரொம்ப நேரம் திரும்பவே இல்லையாம்.

“பாவமா இருக்குப்பா,” என்றாள். மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “நான் சின்னப் பிள்ளையா இருக்கையில உங்களுக்கும் இப்படித்தான வலிச்சுச்சு? நான்தான பூட்டுத் திறந்து விடுவேன். உங்களுக்கு எப்படிப்பா சரியாச்சு? சொல்லுங்க, நாளைக்குச் சார்கிட்டச் சொல்றேன்.”

“தானா சரியாப் போச்சு,” என்றேன்.